கொக்கிக்குக் கீழே: ஓவர்ஹெட் கிரேனில் பாரம் தூக்குவதற்கு முழுமையான வழிகாட்டி

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் கொஞ்சம் பெரிய பட்டறைக்குள் நுழைந்தாலே தலைக்கு மேலே ஒரு கிரேன் ஓடிக்கொண்டிருக்கும். அரசூர் பவுண்டரிகளில் மோல்டிங் பாக்ஸ் (மணல் அச்சுப் பெட்டி), பெருந்துறை சிப்காட்டில் மெஷின் பாகங்கள், திருப்பூர் சாயப்பட்டறைகளில் டையிங் மெஷின், சேலத்தில் இரும்புச் சுருள் என்று தூக்கும் பொருள்தான் ஊருக்கு ஊர் மாறும். கிரேன் வாங்கும்போது நான்கு இடத்தில் விசாரித்து, பல லட்சம் கொடுத்து நல்லதாகப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் அந்தக் கொக்கிக்குக் கீழே மாட்டுகிற பெல்ட்டும், அதைப் பிணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளும் எங்கிருந்து வந்தது, எத்தனை டன் தாங்கும், எப்போது வாங்கியது என்று கேட்டால் பல பட்டறைகளில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நான் பார்த்தவரை கிரேனின் குறுக்குச் சட்டமான பாலமே முறிந்து விழுவது அபூர்வம். பெல்ட் அறுவது, ஐ போல்ட் (மெஷினில் முறுக்கியிருக்கும் வளையத் தலை போல்ட்) பிடுங்கிக்கொண்டு வருவது, பாரம் சாய்ந்து நழுவுவது, ஆள் நிற்கக் கூடாத இடத்தில் நிற்பது, இவைதான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் கிரேனைவிட அதன் கொக்கிக்குக் கீழே இருக்கும் விஷயங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் வேலை: எடை

எத்தனை கிலோ என்று தெரியாத பொருளைத் தூக்கக் கூடாது. "இதுக்கு முன்னாடி தூக்கியிருக்கோம், ஒண்ணும் ஆகலை" என்பது எடைக் கணக்கு ஆகாது.

புது மெஷின் என்றால் மேனுவலிலும் பெயர்ப்பலகையிலும் எடை போட்டிருக்கும். பழைய மெஷின் வாங்கி லாரியில் வருகிறது என்றால் எடைமேடை சீட்டைக் கேட்டு வாங்குங்கள். லோடோடு போட்ட எடையில் காலி லாரியின் எடையைக் கழித்தால் முடிந்தது. இரண்டும் இல்லையென்றால் டேப்பை எடுத்து அளக்க வேண்டியதுதான். ஸ்டீல் ஒரு கன மீட்டருக்கு 7.85 டன், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 7.2 டன். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி இருந்தால் 0.3 கன மீட்டர், அதாவது 2.16 டன். பார்வைக்கு அவ்வளவு தெரியாது. உருளைக் கம்பிக்கு இன்னும் எளிய கணக்கு இருக்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 100 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 62 கிலோ.

அளந்து வந்த எடையோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்க்க வேண்டும். மோல்டிங் பாக்ஸில் மணல் இருக்கிறதா? கியர் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா? டையிங் மெஷினுக்குள் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டதா? தரையில் பதித்த மெஷினைக் கழற்றும்போது ஒரு பவுண்டேஷன் போல்ட்டை மறந்துவிட்டாலோ, அடியில் சிமென்ட் பிடித்திருந்தாலோ, கிரேன் தூக்க முயல்வது மெஷினை மட்டும் இல்லை, தரையையும் சேர்த்துத்தான். இரண்டு டன் மெஷின் என்று நினைத்து இழுக்கும்போது கயிற்றில் ஐந்து டன் ஏறும். திடீரென்று விடுபட்டால் மெஷின் துள்ளும். கொஞ்சம் இழுத்தும் அசையவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு அடியில் போய்ப் பாருங்கள்.

பெல்ட்டா, வயர் ரோப்பா, செயினா?

பாலியஸ்டர் பெல்ட்டுக்கு நிறக் கணக்கு இருக்கிறது. ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தைத்திருக்கும் லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. லேபிள் கிழிந்துபோன பெல்ட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேலைக்கு ஆகாது. அந்த லேபிளிலேயே மூன்று அளவுகள் இருக்கும். நேராகத் தொங்கவிட்டால் ஒன்று, சுருக்குப் போட்டால் அதில் 0.8 பங்கு, தொட்டில் போல அடியில் கொடுத்து இரண்டு முனையையும் நேர் மேலே கொக்கியில் மாட்டினால் இரு மடங்கு. 2 டன் பச்சை பெல்ட்டைச் சுருக்குப் போட்டால் 1.6 டன்தான்.

பெல்ட்டின் முதல் எதிரி கூர் விளிம்பு. மெஷின் செய்த ஸ்டீல் விளிம்பில் பாரத்தோடு பெல்ட் ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், கத்தி வைத்த மாதிரி அறுந்துவிடும். கோணிச் சாக்கை மடித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அது நழுவிவிடும், அழுத்தத்தில் கிழிந்தும்விடும். பெல்ட்டுக்கென்றே வரும் கார்னர் பேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெரிய விட்டமுள்ள பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, விளிம்புகளை மழுங்கத் தேய்த்து, மூலையில் கொடுங்கள்.

இரண்டாவது எதிரி வெப்பம். பாலியஸ்டர் பெல்ட்டை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பவுண்டரியில் நாக்-அவுட், அதாவது மணல் அச்சை உடைத்து எடுக்கும் வேலை, முடிந்து இன்னும் சூடு ஆறாத காஸ்டிங்கை (வார்ப்பை) பெல்ட்டில் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே தூக்குவதற்கென்றே செய்த கிரேடு 80 செயின்தான் சரி. அதற்கும் 200 டிகிரிக்கு மேல் போனால் தாங்கும் அளவு குறையத் தொடங்கும்.

மூன்றாவது எதிரியைச் சாயப்பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாலியஸ்டர் அமிலத்தை ஓரளவு தாங்கும், காரத்தைத் தாங்காது. நைலான் நேர்மாறு. காஸ்டிக் சோடா சிந்திய தரையில் கிடந்த பாலியஸ்டர் பெல்ட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கலாம், உள்ளே இழை செத்துப்போயிருக்கும். காஸ்டிக் பட்டது தெரிந்தால் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். பெல்ட்டைத் தரையில் போடாமல் சுவரில் ஆணி அடித்து மாட்டும் பழக்கம் அங்கே கட்டாயம் வேண்டும்.

பாரத்தைக் கட்டித் தூக்கும் பெல்ட், கயிறு, செயின் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் சிலிங். வயர் ரோப் சிலிங்கில் ஒரு முறுக்கு நீளத்துக்குள், அதாவது ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றி வரும் நீளத்துக்குள், பத்துக் கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலோ கழித்துவிட வேண்டும். மடங்கி நெளிந்த இடம், பறவைக்கூடு போல விரிந்த இடம், துருப்பிடித்து விறைத்த இடம் இருந்தால் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். பழைய துணியை வைத்து உருவிப் பாருங்கள், அறுந்த கம்பி துணியில் மாட்டும். வெறுங்கையால் உருவினால் கையைக் கிழிக்கும்.

செயினில் நீண்டுபோன கண்ணி, வெல்டிங் வைத்த கண்ணி, போல்ட் போட்டு நீளம் குறைத்த செயின் எதுவும் ஆகாது. டி ஷேக்கிளில் குறுக்கே போடும் பின்னுக்குப் பதில் போல்ட் போடுவதும் நம் பட்டறைகளில் சகஜம். அந்த பின்னின் ஸ்டீல் வேறு, போல்ட்டின் ஸ்டீல் வேறு. பின் தொலைந்தால் அந்த ஷேக்கிளும் தொலைந்ததாகவே கணக்கு.

அப்புறம் ஐ போல்ட். கோவை பம்ப், மோட்டார் தொழிலில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் தலையில் இருக்கும் ஐ போல்ட் அந்த மோட்டாரை மட்டும் தூக்குவதற்கு. மோட்டார், பம்ப், பேஸ் பிரேம் எல்லாம் சேர்த்து அதில் மாட்டித் தூக்கக் கூடாது. ஐ போல்ட்டை நேர் மேலே இழுத்தால்தான் முழு பலம். தோள் (வளையத்துக்கு அடியில் மெஷினில் உட்காரும் தட்டையான விளிம்பு) உள்ள ஐ போல்ட்டைக்கூட 45 டிகிரி சாய்வாக இழுத்தால் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தோள் இல்லாததைச் சாய்வாக இழுக்கவே கூடாது. இரண்டு ஐ போல்ட்டுக்கும் ஒரே கயிற்றைக் கோத்து வாங்கிக் கொக்கியில் மாட்டுவதும் தவறு, அது இரண்டையும் உள்பக்கமாகப் பிடித்து இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி சிலிங் போடுங்கள். மரை கடைசிவரை இறங்கி, தோள் மெஷினில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோணம் திருடும் பலம்

இரண்டு டன் பாரத்தை இரண்டு காலுள்ள சிலிங்கில் தூக்குகிறீர்கள். இரண்டு காலும் நேராகத் தொங்கினால் காலுக்கு 1 டன். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்தால் காலுக்கு 1.15 டன். 45 டிகிரியில் 1.41 டன். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 2 டன். பாரம் மாறவில்லை, கயிற்றில் ஏறும் இழுவை இரு மடங்காகிவிட்டது. கூரை உயரம் பத்தாத பழைய ஷெட்டுகளில் கொக்கி மேலே போய் முட்டுகிறது என்று சிலிங்கைக் குட்டையாக்குவார்கள். அங்கேதான் இது நடக்கிறது.

பட்டறையில் கோணமானி தேட வேண்டாம். கட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரம் சிலிங்கின் ஒரு கால் நீளத்தைவிட அதிகமாகக் கூடாது. இரண்டும் சமமாக இருந்தால் கோணம் சரியாக 60 டிகிரி. அதற்கு மேல் அகலமான பொருள் என்றால் நீளமான சிலிங் போடுங்கள், அல்லது கால்களை விரித்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டமான ஸ்பிரெடர் பீம் வையுங்கள். நான்கு கால் சிலிங் போட்டாலும் பாரத்தை இரண்டு கால்தான் சுமக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விறைப்பான இரும்புச் சட்டத்தைத் தூக்கும்போது மற்ற இரண்டு காலும் தளர்ந்து கிடப்பதை நீங்களே பார்க்கலாம்.

பாரத்தின் மையம் கொக்கிக்கு நேர் கீழே வர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. லேத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் அதிகம், நடுவில் கட்டினால் தலைப்பக்கம் இறங்கும். நகரும் பாகங்களான சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் மறுமுனைக்குத் தள்ளிப் பூட்டிவிட்டுக் கட்டுங்கள். சி.என்.சி. மெஷின் என்றால் மேனுவலில் தூக்கும் படம் ஒன்று இருக்கும். எங்கே கட்ட வேண்டும், எந்தெந்தப் பாகத்தை லாக் செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். மெஷின் வரும் நாளுக்கு முன்பே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஷிப்ட் தொடங்கும்போது கிரேன்

ஒவ்வொரு ஷிப்ட்டிலும் பாரம் இல்லாமல் ஒரு ஓட்டம். தொங்கும் பொத்தான் பெட்டியான பெண்டன்ட்டில் எந்தப் பொத்தானை அமுக்கினால் எது நகர்கிறது, அமுக்கியதை விட்டால் உடனே நிற்கிறதா, எமர்ஜென்சி ஸ்டாப் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். காலிக் கொக்கியை மெதுவாக மேலே ஏற்றி லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பாருங்கள். லிமிட் சுவிட்ச் கடைசிக் காப்பு மட்டுமே, அன்றாடம் அதில் இடித்து நிறுத்தும் பழக்கம் வேண்டாம். கொக்கி வாயின் தாழ்ப்பாளான லாட்ச் மூடுகிறதா, கொக்கி வாய் விரிந்திருக்கிறதா, வளைவுப் பகுதி தேய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் தேய்ந்த கொக்கியை மாற்ற வேண்டும், வெல்டிங் வைத்து நிரப்பக் கூடாது.

பெண்டன்ட் அம்புக்குறி காட்டும் திசையும் கிரேன் போகும் திசையும் புது ஆளுக்குக் குழம்பும். பாலத்தின் அடியில் பெரிதாகத் திசைக்குறி எழுதி, அதையே பெண்டன்ட்டிலும் எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் பெயின்ட் அடிப்போம். நல்ல வழக்கம். ஆனால் கொக்கிக்கும் ஷேக்கிளுக்கும் அடிக்க வேண்டாம். பெயின்ட் அடியில் விரிசல் மறைந்துவிடும், பொறித்திருக்கும் டன் அளவும் மூடிப்போகும். கிரேன் பாலத்தில் எழுதிய டன் அளவை மட்டும் அந்த நாளில் புதிதாக, தரையிலிருந்து தெரிகிற மாதிரி எழுதிவிடுங்கள். 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29ஆம் பிரிவிலேயே இது இருந்தது: பாதுகாப்பான பாரத்தைத் தெளிவாகக் குறிக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது, தகுதி பெற்ற நபர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுதாகச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை கிரேனுக்கு மட்டும் இல்லை, செயின், கயிறு, தூக்கும் சாமான் எல்லாவற்றுக்கும்தான். பலர் கிரேன் சான்றிதழோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருந்தது. கிரேன் ஓடும் தண்டவாளத்திலோ அதன் அருகிலோ ஆள் வேலை செய்தால், கிரேன் அவருக்கு 6 மீட்டருக்குள் வராதபடி தடுக்க வேண்டும். ஷீட் மாற்ற, லைட் போட, பெயின்ட் அடிக்க ஆள் மேலே ஏறும்போது இது பொருந்தும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை மேலே ஏறுகிறவர் பையிலேயே கொடுத்துவிடுங்கள். கிரேனுக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பித்தடமும் அங்கேதான் போகிறது.

வழியும் ஆளும்

ஹெல்மெட், இரும்பு முனை ஷூ, கையுறை எல்லோருக்கும் தெரிந்தது, போட்டுக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய காப்பு எங்கே நிற்கிறோம் என்பது.

தூக்கும் முன் பாரம் போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் ட்ராலி நிற்கிறதா, யாராவது லேத்தில் குனிந்து வேலை செய்கிறாரா, இறக்கும் இடத்தில் கட்டை வைத்தாயிற்றா? பாரத்தைக் காற்றில் தொங்கவிட்டுவிட்டுக் கட்டை தேடிப் போகக் கூடாது. பாரத்துக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. சுவருக்கும் பாரத்துக்கும் நடுவிலோ, மெஷினுக்கும் பாரத்துக்கும் நடுவிலோகூட நிற்கக் கூடாது. ஊசலாடும் இரண்டு டன்னைக் கையால் தடுத்துவிடலாம் என்று தோன்றும், முடியாது. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, தள்ளி நின்று பிடித்துத் திருப்புங்கள். அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

சைகை காட்டுவது ஒரே ஆள்தான். அவர் பெயர் தூக்கும் முன்பே முடிவாக வேண்டும். இப்போது நம் பட்டறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தம்பிகள் நிறையப் பேர். ஒருவர் தமிழில் கத்த, இன்னொருவர் இந்தியில் கத்த, ஆபரேட்டர் நடுவில் திணறுவார். கைச் சைகைக்கு மொழி வேண்டாம். முன்கையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சிறு வட்டம் போட்டால் ஏற்று. கையைத் தாழ்த்தி, விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கப் பக்கவாட்டில் வீசினால் நிறுத்து. இரண்டு கையையும் அப்படி வீசினால் உடனே நிறுத்து. இதைப் படமாகக் கிரேன் தூணில் ஒட்டி, சேர்ந்த முதல் நாளே எல்லோரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

"நிறுத்து" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நேற்றுச் சேர்ந்த ஹெல்பர் "நிறுத்துங்கண்ணா" என்று கத்தினால் முப்பது வருட ஆபரேட்டரும் நிறுத்த வேண்டும். ஒன்றுமில்லாததற்கு நிறுத்தியிருந்தால் அவனைத் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான்.

தூக்குதல்

கொக்கியைப் பாரத்தின் மையத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, மெதுவாகத் தளர்ச்சியை எடுங்கள். கயிறு இறுகும் இந்த நேரத்தில்தான் விரல் நசுங்குகிறது. சிலிங்கைச் சரிசெய்ய வேண்டுமென்றால் நிறுத்தி, தளர்த்தி, கையை வைத்துச் சரிசெய்து, கையை எடுத்த பிறகு மறுபடி இறுக்க வேண்டும். பிடித்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள், விரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள்.

இறுகியதும் ஒரு சாண் உயரம்கூட வேண்டாம், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்கள். சாய்கிறதா? பிரேக் பிடித்து நிற்கிறதா, நழுவி இறங்குகிறதா? சிலிங் விளிம்பில் நகர்கிறதா? ஏதாவது சரியில்லை என்றால் இறக்கி மறுபடி கட்டுங்கள். சாய்ந்த பக்கத்தில் ஆளை ஏற்றி எடை சமப்படுத்துவதை எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது.

நகர்த்தும்போது தரையில் தட்டாத அளவு உயரமே போதும். ஒரு நேரத்தில் ஒரு திசை. நிற்கும்போது மெதுவாக நிறுத்தினால் ஊசல் வராது. பக்கவாட்டில் கிடக்கும் பொருளைக் கொக்கியால் இழுத்துக்கொண்டு வருவதை அடியோடு விட்டுவிட வேண்டும். கயிறு, அது சுற்றும் டிரம்மின் பள்ளத்தைவிட்டு ஏறும், கயிற்றை வழிநடத்தும் ரோப் கைடு உடையும், பொருள் தரையைவிட்டதும் கொக்கியை நோக்கிப் பாய்ந்து வரும்.

புரட்டுதல்

பவுண்டரியிலும் மெஷின் ஷாப்பிலும் மற்ற எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது காஸ்டிங்கைப் புரட்டும் வேலைக்குத்தான். தூக்கும்வரை பாரம் கொக்கியில் இருக்கிறது. புரளும்போது அதன் மையம் ஊன்றியிருக்கும் விளிம்பைத் தாண்டுகிறது. தாண்டிய அந்தக் கணத்தில் அது தானாகவே மறுபக்கம் விழப் பார்க்கும். கயிறு தளர்ந்திருந்தால் முழு எடையும் விழுந்து, கயிற்றில் வெட்டி இழுக்கும். அந்த இழுவை பாரத்தின் எடையைப்போலப் பல மடங்கு வரலாம்.

கெட்டித் தரையில் புரட்டாமல் மணல் மெத்தையிலோ கட்டை அடுக்கிலோ புரட்டுங்கள். நழுவாதபடி சுருக்குப் போட்டு, புரளும் பக்கத்துக்கு எதிர் விளிம்புக்குக் கிட்டத்தில் கட்டுங்கள். ஏற்றும்போதே கிரேனைப் புரளும் திசையில் சிறிது சிறிதாக நகர்த்தி, கயிறு எப்போதும் செங்குத்தாகவும் இறுக்கமாகவும் இருக்கும்படி பார்க்க வேண்டும். மையம் தாண்டியதும் அதே இறுக்கத்தோடு இறக்க வேண்டும். புரளும் பக்கம், எதிர்ப்பக்கம் இரண்டிலும் ஆள் கூடாது, காஸ்டிங் பின்னால் வழுக்கும். அடிக்கடி புரட்டும் வேலை இருந்தால் இரண்டு ஹாய்ஸ்ட் (தூக்கும் பொறி) வைத்துக் காற்றிலேயே புரட்டும் ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்தச் செலவை முதலாளி யோசிக்கவே கூடாது.

உருக்கிய இரும்பைச் சுமக்கும் வாளியான லேடிலைத் தூக்கும் கிரேன் தனி. சாதாரண வேலைக்கு வாங்கிய கிரேனை அதற்குத் திருப்பிவிட வேண்டாம், பிரேக், கயிறு, வெப்பத் தடுப்பு எல்லாமே வேறு கணக்கு. லேடில் போகும் வழியில் ஈரம் இருக்கவே கூடாது. உருகிய இரும்பு ஈரத்தின் மேல் விழுந்தால் வெடிக்கும்.

கரண்ட் போனால், காற்று வந்தால்

பாரம் தொங்கும்போது கரண்ட் போனால் கிரேனின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பொத்தான்களை விட்டு, எமர்ஜென்சியை அமுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, காவலுக்கு ஓர் ஆளை நிறுத்துங்கள். கரண்ட் வரும்வரை அந்த ஆள் நகரக் கூடாது. பிரேக்கைக் கையால் தளர்த்தி இறக்குவது பயிற்சி பெற்ற மெயின்டனன்ஸ் ஆள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

திறந்தவெளி யார்டில் கேன்ட்ரி கிரேன் (தரைத் தண்டவாளத்தில் கால்களோடு ஓடும் கிரேன்) வைத்திருப்பவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லடம், உடுமலை, காங்கேயம் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கும் காற்று நிறுத்தியிருக்கும் கிரேனையே தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் ரெயில் கிளாம்ப் பூட்டுங்கள், சக்கரத்துக்கு முட்டு வையுங்கள். அகலமான ஷீட், டேங்க் போன்றவற்றைக் காலையில் காற்று எழும் முன்பே தூக்கி முடித்துவிடுங்கள்.

இறக்கிய பிறகு

கட்டையின் மேல் இறக்கி, சிலிங் தளர்ந்தும் பாரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கழற்றுங்கள். சிக்கிய சிலிங்கைக் கிரேனை வைத்து உருவாதீர்கள், அது பாரத்தையும் கவிழ்க்கும். காலிக் கொக்கியை ஆள் தலைக்கு மேல் நன்றாக ஏற்றி, நடைவழியைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

சிலிங், ஷேக்கிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, ஒரு நோட்டில் வாங்கிய தேதி, டன் அளவு, கடைசியாகப் பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து எழுதி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். கழித்த பெல்ட்டை அப்படியே ஸ்கிராப்பில் போட வேண்டாம். அடுத்த ஷிப்ட்டில் யாராவது நல்ல எண்ணத்தோடு எடுத்துத் துடைத்து மறுபடி கொக்கியில் மாட்டிவிடுவார்கள். நடுவில் இரண்டு துண்டாக வெட்டி, லேபிளையும் முனையிலுள்ள கண்ணையும் அறுத்துவிட்டுப் போடுங்கள்.